மலைக்குடியிருப்புக்கு எந்தச் சோலார் விளக்கு? வாங்குமுன் பேட்டரியைப் பாருங்கள்

கரண்டுக் கம்பி ஏறாத வீட்டுக்குச் சோலார் விளக்கு வாங்கப் போனால், கடையில் முதலில் எழும் கேள்வி "எத்தனை வாட்?" என்பதுதான். பெட்டியில் 50 வாட், 100 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். திருப்பிப் பார்த்தால் விளக்கின் தலையில் தீப்பெட்டி அளவு பேனல் ஒட்டியிருக்கும். அந்த அளவுப் பேனல் உச்சி வெயிலில் தருவது கால் வாட். பெட்டி எண்ணை நம்பி வாங்கியவர் வீட்டில் இரண்டாம் மாதமே சிம்னி திரும்பவும் ஏற்றப்படுகிறது. காசு போனது ஒரு பக்கம்; "சோலார்னாலே இப்படித்தான்" என்ற எண்ணம் ஊர் முழுக்கப் படிந்துவிடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

இங்கே நான்கு வகை விளக்குகளை எடை போடுகிறோம். மனதில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுக்குள் இருக்கும் ஒரு வீடு. வன அனுமதிச் சிக்கலால் மின்கம்பி போகாத குடியிருப்பு. ஒன்றிரண்டு அறை, தகரமோ புல்லோ வேய்ந்த கூரை, மண் சுவர், நான்கைந்து பேர், ஒரு பட்டன் போன். பழுது பார்க்கும் கடைக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது, 2 முதல் 3 வாட் வரை தனிப் பேனல் உள்ள கைவிளக்கு. உள்ளே 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இருக்க வேண்டும். கூடு ஒட்டப்படாமல் திருகாணியில் மூடியிருக்க வேண்டும். யு.எஸ்.பி. வழியாகவும் சார்ஜ் ஏற வேண்டும். இந்த நான்கும் இருந்தால் வெளிச்சம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் வாங்கலாம். நான்கில் ஒன்று இல்லையென்றால் எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் யோசிக்க வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம் போதும்?

விளக்கு தரும் வெளிச்சத்தை அளப்பது லூமனில். திரி மட்டும் வைத்த மண்ணெண்ணெய் விளக்கு தருவது ஏறத்தாழ 10 லூமன். கண்ணாடி போட்ட அரிக்கேன் நன்றாகத் திரி வெட்டி, புகை துடைத்து வைத்திருந்தால் 40 லூமன் வரை வரும். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700. சாதாரண சிம்னி மணிக்கு 10 முதல் 20 மில்லி எண்ணெய் குடிக்கும். இரவுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதத்துக்கு இரண்டு லிட்டருக்குப் பக்கமாகப் போகும். அதற்கு மேல் புகை. திரி விளக்கில் எரியும் எண்ணெயில் நூற்றுக்கு 7 முதல் 9 பங்கு கரும்புகைத் துகளாகவே வெளியேறுகிறது என்று ஆய்வுகள் அளந்திருக்கின்றன. கூரையின் உட்புறமும் சுவரும் கறுத்துப் போவது அதனால்தான். அந்தக் கறுப்பே புது விளக்கின் வெளிச்சத்தையும் விழுங்கும். சோலார் விளக்கு வாங்கிய வாரத்திலேயே உள்சுவரில் ஒரு தடவை சுண்ணாம்பு பூசுங்கள். அதே விளக்கில் அறை கண்ணுக்குத் தெரியும்படி மாறும்.

தீ விபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்க்கால யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தவர்களுக்கும், குப்பி விளக்கு சரிந்து பாய் பற்றியதைப் பார்த்தவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் இப்படித் தீக்காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, சரியாத விளக்கு ஒன்றை வடிவமைத்தார். தடித்த கண்ணாடி, குட்டையான உடல், உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை, திருகி மூடும் உலோக மூடி. 1998இல் அதற்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. மழைக்காலத்து மாற்று ஏற்பாடாக மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றை வீட்டில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அந்த அமைப்பில் ஒன்றை வையுங்கள். பழைய மருந்து பாட்டிலில் துளை போட்ட விளக்கு வேண்டாம்.

உலக வங்கியின் மின்வசதி அளவுகோலில் முதல் படிக்கு ஒரு நாளைக்கு 1000 லூமன்-மணி வெளிச்சம் வேண்டும். அதாவது 250 லூமன் நான்கு மணி நேரம், அல்லது 125 லூமன் எட்டு மணி நேரம். சமையல், சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, இரவில் வெளியே போய்வருவது எல்லாம் சேர்ந்து ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ இவ்வளவு ஆகும். அதில் பாதி கிடைத்தாலே சிம்னியை ஓரங்கட்டிவிடலாம்.

கணக்கு எளிது. பேனலின் வாட்டை நல்ல வெயில் மணிகளால் பெருக்குங்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஆண்டுச் சராசரி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வந்ததை 0.65ஆல் பெருக்குங்கள், சூடு, தூசி, ஒயர், பேட்டரி எல்லாம் எடுத்துக்கொள்வது போக மிஞ்சுவது அவ்வளவுதான். 1 வாட் பேனல் என்றால் 1 × 5 × 0.65, சுமார் 3.2 வாட்-மணி (ஒரு வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிய ஆகும் மின்சாரம் ஒரு வாட்-மணி). நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு 100 லூமன் தரும். ஆக 320 லூமன்-மணி: 60 லூமன் விளக்கை ஐந்து மணி நேரத்துக்கு மேல் எரிக்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் வாக்குறுதியை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 1 வாட் பேனலை வைத்துக்கொண்டு "300 லூமன், 12 மணி நேரம்" என்று ஒருவர் சொன்னால் அது 3600 லூமன்-மணி. நடக்காது.

முதல் வகை: ஐந்து டாலர் விளக்கு

உள்ளங்கையில் அடங்கும். முதுகில் அரை வாட் பேனல், உள்ளே 400 முதல் 500 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி, 25 முதல் 40 லூமன். ஐந்து டாலருக்கு ஒரு விளக்கு என்பதை இலக்காக வைத்து இந்த வகையைப் பரப்பியதில், 2007இல் தொடங்கிய டி.லைட் நிறுவனத்துக்கும், கிரீன்லைட் பிளானட் என்ற பெயரில் தொடங்கி 2022இல் சன் கிங் என்று பெயர் மாறிய நிறுவனத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனின் சோலார்எய்டு அமைப்பு ஆப்பிரிக்காவில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கள் வழியாக இவ்வகை விளக்குகளை விற்றது.

ஒரு பிள்ளை படிக்க இது போதும். 25 லூமன் குறைவாகத் தோன்றும். ஆனால் கீழ்நோக்கி, புத்தகத்துக்கு அரை மீட்டர் மேலே வைத்தால், சிம்னிக்கு முன் குனிந்து படிப்பதைவிடப் பல மடங்கு தெளிவு. வீட்டுக்கு இது ஒன்றே போதாது. சமையலறைக்கு எடுத்துப் போனால் படிப்பு நின்றுவிடும்.

இதன் பெரிய குறை வெயிலில் காய வைக்கும் விதம். பேனலும் பேட்டரியும் ஒரே உடலில் இருப்பதால் விளக்கையே வெயிலில் போட வேண்டும். தகரக் கூரை மேல் வைத்தால் நண்பகலில் 60 டிகிரியைத் தாண்டும். பேட்டரிக்கு 45க்கு மேல் போனாலே ஆயுள் குறையும். தகரத்தின் மேல் நேராக வைக்காமல், அடியில் ஒரு மரத்துண்டோ ஓலைத் தடுக்கோ போட்டு, காற்று போக இடம் விட்டு வையுங்கள். குரங்கு எடுத்துப் போகாமல் கயிறு கட்டுங்கள். மழை தூறினால் ஓடிப் போய் எடுக்க வேண்டியிருப்பதால், பகலில் வீட்டில் ஆள் இல்லாத குடும்பத்துக்கு இந்த வகை சரிப்படாது. எல்லோரும் கூலிக்கோ, தேன், கிழங்கு எடுக்கவோ போய்விட்டால் விளக்கு வீட்டுக்குள் நிழலில் கிடக்கும், இரவில் எரியாது.

இரண்டாம் வகை: தனிப் பேனல் கைவிளக்கு

எங்கள் தேர்வு இதுதான். பேனல் கூரை மேல் நிலையாக இருக்கும். 3 முதல் 5 மீட்டர் ஒயர் உள்ளே வரும். விளக்கு நிழலில் சார்ஜ் ஆகும். பேனல் 2 முதல் 3 வாட். பேட்டரி 3.2 வோல்ட், 3000 எம்.ஏ.எச். இருந்தால் 9.6 வாட்-மணி. 2.5 வாட் பேனல் ஒரு நல்ல நாளில் 8 வாட்-மணி தரும் என்பதால் இரண்டும் பொருந்துகின்றன. 120 லூமனில் நான்கு மணி நேரம் எரித்தால் சுமார் 5 வாட்-மணி செலவாகும். மீதி 3 வாட்-மணி பட்டன் போனுக்கு.

போன் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 1000 எம்.ஏ.எச். பட்டன் போனை முழுதாக ஏற்ற, வழிச்சேதம் சேர்த்து 5 வாட்-மணி போகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏற்றினால் விளக்குக்குக் குறை வராது. 5000 எம்.ஏ.எச். டச் போனுக்கு 19 வாட்-மணிக்கு மேல் வேண்டும். விளக்கின் மொத்தக் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு. "மொபைல் சார்ஜ் வசதி உண்டு" என்று பெட்டியில் இருப்பது உண்மைதான், ஆனால் மகன் டச் போனைச் சொருகிய அன்று அடுப்படியில் இருட்டு. டச் போன் உள்ள வீடு மூன்றாம் வகைக்குப் போக வேண்டும், அல்லது போனுக்கென்று தனியாக 10 வாட் பேனல் வைக்க வேண்டும்.

யு.எஸ்.பி. சார்ஜ் துளை ஏன் அவசியம்? வால்பாறைப் பக்கம் ஜூன் பிறந்தால் வெயில் முகம் காட்டாத நாட்கள் வரிசையாக வரும். நல்ல வெயில் மணி ஐந்திலிருந்து ஒன்றரைக்கு இறங்கினால் 2.5 வாட் பேனல் தருவது 2.4 வாட்-மணிதான். சின்ன வெளிச்சத்தில் வைத்தால் ஒரு மாலை தாங்கும், போன் கிடையாது. அந்த வாரங்களில் எஸ்டேட் கடையிலோ பள்ளிக்கூடத்திலோ சாதாரணப் போன் சார்ஜரில் சொருகி எடுத்துவர முடிந்தால் குடும்பம் தப்பிக்கும். வெயிலை மட்டுமே நம்பும் விளக்கு சமவெளிக்குச் சரி. மலைக்குச் சரியில்லை.

பேனல் வாங்கும்போது முகத்தைப் பாருங்கள். கண்ணாடி போட்ட பேனல் கனமாக இருக்கும், விலையும் கூடும், பத்து வருடத்துக்கு மேல் உழைக்கும். மேலே பிசின் ஊற்றியோ பிளாஸ்டிக் தாள் ஒட்டியோ செய்தது ஒன்றிரண்டு ஆண்டுகளில் மஞ்சளித்து மங்கும். விளக்கு பழுது என்று கொண்டுவரப்படுவதில் சில உண்மையில் பேனல் மங்கியவை.

வைக்கும் விதம்: தெற்குப் பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வு. ஒரு அடி நீளத்துக்கு மூன்று அங்குலம் தூக்கினால் ஏறத்தாழ அவ்வளவு வரும். படுக்கையாக வைத்தால் மழைத்தண்ணீரும் தூசியும் கீழ் ஓரத்தில் தங்கும். புல் கூரை என்றால் கூரையில் கட்டாமல் பக்கத்தில் மூங்கில் நட்டுக் கட்டுங்கள். காலை 9 முதல் 3 வரை நிழல் விழக் கூடாது. ஒரு இலையின் நிழல் ஒரு செல்லை மூடினாலே வரிசை முழுவதும் படுத்துவிடும், ஏனென்றால் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கின்றன. ஒயரைத் தொங்கவிடாதீர்கள். குரங்கு இழுக்கும், எலி கடிக்கும். பழைய தோட்டத்து ஹோஸ் பைப்புத் துண்டுக்குள் நுழைத்துக் கொண்டுவந்தால் இரண்டிலிருந்தும் தப்பும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், விளக்குக்குப் போகாது.

மூன்றாம் வகை: மூன்று பல்பு செட்

6 முதல் 12 வாட் பேனல், 20 முதல் 40 வாட்-மணி பேட்டரிப் பெட்டி, ஸ்விட்சோடு மூன்று பல்பு. வீடு போல வெளிச்சம் தருவது இதுதான். 1000 லூமன்-மணியைத் தாராளமாகத் தாண்டும். கென்யாவில் எம்-கோபா இதையே தவணைக்கு விற்றது. முன்பணம் கட்டிவிட்டு, மிச்சத்தை எம்-பெசா போன் பணத்தில் தினம் கொஞ்சமாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் உள்ளே இருக்கும் சிம் வழியாகப் பெட்டி பூட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்குத் தினம் செலவழிக்கும் காசிலேயே சோலார் சொந்தமாகும் என்ற கணக்கு அது. இங்கே கர்நாடகத்தில் 1995இல் தொடங்கிய செல்கோ, வங்கிக் கடன் வழியாக வேறு விதத்தில் அதே கதவைத் திறந்தது. அதன் நிறுவனர் ஹரிஷ் ஹண்டேவுக்கு 2011இல் மகசேசே விருது கிடைத்தது.

ஆனாலும் முதல் விளக்காக இதை வாங்கச் சொல்ல மாட்டோம். பெட்டிக்குள் ஒன்று கெட்டால் மூன்று பல்பும் ஒன்றாக அணையும். இரவில் வெளியே எடுத்துப் போக முடியாது. காட்டுக்குள் வீடு என்றால் பாம்புக்கும் யானைக்கும் கைவிளக்குதான் முதல் தேவை. கைவிளக்கு ஒன்று இருந்து, அதற்கு மேல் வசதி வரும்போது இந்தச் செட்டைச் சேர்ப்பதே சரியான வரிசை.

வாங்கியவர்கள் செய்யும் தவறு, ஒயரை நீட்டுவது. கூடவே வரும் 5 மீட்டர் ஒயர் மெல்லியது. 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால் தடை 0.9 ஓம். அரை ஆம்பியர் போனால் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் செட்டில் அது தெரியாது. 5 வோல்ட் செட்டில் பல்பு மங்கும். இன்னொரு 5 மீட்டர் ஒட்டுப்போட்டால் கேட்கவே வேண்டாம். நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்குங்கள்; முறுக்கி டேப் சுற்றாமல் பற்றவைத்து இணையுங்கள்.

நான்காம் வகை: அரசுத் திட்டத்துப் பழைய செட்

பல குடியிருப்புகளில் கூரை மேல் 37 வாட் பேனல் இன்னும் இருக்கிறது. கீழே 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி செத்துக் கிடக்கிறது. மத்திய அரசின் இரண்டாம் மாதிரி வீட்டு விளக்கு இது: 9 வாட் சி.எஃப்.எல். இரண்டு. பேட்டரி மாற்றச் சில ஆயிரம் ரூபாய், தூக்கி வர சுமார் இருபது கிலோ. அதனால் கைவிட்டுவிடுகிறார்கள். பேனலைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. எதிலும் மாட்டாமல் வெயிலில் வைத்து மல்டிமீட்டரில் அளக்கும் மின்னழுத்தம் (திறந்த முனை மின்னழுத்தம்) 19 முதல் 21 வோல்ட் காட்டினால் பேனல் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது. 9 வாட் சி.எஃப்.எல். இரண்டு நான்கு மணி நேரத்துக்கு 72 வாட்-மணி தின்றன. 3 வாட் 12 வோல்ட் எல்.இ.டி. இரண்டு போட்டால் 24 போதும். தேவை மூன்றில் ஒன்றாகிவிட்டதால் பேட்டரியும் சிறிதாகலாம். 12.8 வோல்ட் 6 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேக், பாதுகாப்புச் சுற்றோடு, ஒரு கிலோவுக்குள் அடங்கும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் லித்தியத்துக்கு ஏற்றதாக மாற்றுங்கள்.

இந்த செட்டுகள் சாகக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பேட்டரி இறங்கியதும் கன்ட்ரோலர் சிவப்பு விளக்கு காட்டி பல்பை அணைக்கும். யாரோ ஒருவர் "கன்ட்ரோலர் கெட்டுப்போச்சு" என்று ஒயரை நேராக பேட்டரியில் மாட்டிவிடுவார். அன்றைக்கு வெளிச்சம் வரும். சில மாதங்களில் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து பேட்டரி முடிந்துபோகும். சிவப்பு விளக்கு பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக எரிகிறது என்பதை செட் மாட்டும் அன்றே வீட்டுப் பெண்களிடம் சொல்லிக் காட்டுங்கள். விளக்கைத் தினமும் கையாள்பவர்கள் அவர்கள்தான்.

சந்தையில் கிடைக்கும் சார்ஜர் லைட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே 4 வோல்ட் ஈய பேட்டரி, இறங்கியதும் அணைக்கும் சுற்று கிடையாது, ஆறு மாதம் தாண்டுவது அபூர்வம். கையில் எடுத்தால் கனமாக இருக்கும். கனம் தரத்தின் அடையாளம் என்று நினைத்து வாங்குகிறார்கள். அது ஈயத்தின் கனம்.

கடையில் பார்க்க வேண்டியது

பெட்டியில் லூமன், எரியும் நேரம், பேட்டரி வகை, கொள்ளளவு நான்கும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உலக வங்கிக் குழுமம் தொடங்கிய லைட்டிங் குளோபல் தரச் சோதனையை இப்போது வெராசோல் என்ற அமைப்பு நடத்துகிறது. அதில் தேறிய விளக்கு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழுந்தும் எரிந்திருக்க வேண்டும், ஸ்விட்ச் 1000 தடவை தட்டியும் வேலை செய்திருக்க வேண்டும், 2000 மணி எரிந்த பிறகும் வெளிச்சத்தில் 85 சதவீதம் மிச்சமிருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டு வாரண்டி இருக்க வேண்டும். பட்டியலில் இருப்பது கூடுதல் பலம். ஆனால் மாதிரி எண் வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்; ஒரே நிறுவனத்தின் எல்லா விளக்கும் சோதனைக்குப் போவதில்லை.

சார்ஜ் துளையில் பின்னைச் சொருகி மெல்ல ஆட்டுங்கள். சார்ஜ் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அந்த விளக்கு வேண்டாம். பேனலைக் கையால் மூடித் திறந்து சார்ஜ் விளக்கு மாறுகிறதா பாருங்கள். விளக்கைக் காதருகே குலுக்குங்கள்; உள்ளே உருண்டால் பேட்டரி சரியாகப் பதியவில்லை. 18650 அளவு (18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம்) பேட்டரியில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருந்தால் பொய். அந்த அளவில் நல்ல லித்தியம் அயனிக்கே பொதுவாக 3500 பக்கம்தான் வரும். இரும்பு பாஸ்பேட் என்றால் 2000க்குள்தான்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு முழு நாள் வெயிலில் அணைத்த நிலையில் சார்ஜ் ஏற்றி, பெரிய வெளிச்சத்தில் எத்தனை மணி எரிகிறது என்று பார்த்து, அந்த எண்ணை விளக்கின் அடியிலேயே எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே சோதனை. நேரம் பாதிக்குக் கீழே போனால் பேட்டரி மாற்றும் காலம். பேனலைத் துடைத்த பிறகே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்; இல்லாவிட்டால் பேனல் குற்றத்தை பேட்டரி மேல் போட்டுவிடுவீர்கள்.

கெடுவது எது, சரிசெய்வது எப்படி

எல்.இ.டி. கெடுவது அரிது. கெடுவது ஸ்விட்ச், சார்ஜ் துளை, ஒயர் கழுத்து, பேட்டரி. நான்கையும் ஊரிலேயே சரிசெய்யலாம். மும்பை ஐ.ஐ.டி. தனது பத்து லட்சம் மாணவர் விளக்குத் திட்டத்தில் கிராமத்து மக்களையே விளக்கைக் கோக்கவும் பழுது பார்க்கவும் பழக்கியது. கருவியும் உதிரியும் கையில் இருந்தால் இதற்கு என்ஜினியர் தேவையில்லை.

ஸ்விட்ச் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு கால் வைத்த அழுத்து ஸ்விட்ச். விலை சில ரூபாய். உயரம் மாறுபடும் என்பதால் பழையதை அளந்து வாங்குங்கள். சார்ஜ் துளை ஆடினால் பலகையில் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும். புது ஈயம் வைத்துச் சூடாக்கினால் பிடிக்கும். ஒயர் கழுத்தில் அறுந்தால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி இணைத்து, உள்ளே ஒரு முடிச்சுப் போடுங்கள். இழுவை முடிச்சோடு நின்றுவிடும்.

பேட்டரி மாற்றும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. பழையதில் 3.2 வோல்ட் என்று இருந்தால் புதியதும் 3.2 ஆகவே இருக்க வேண்டும். டவுன் கடையில் எளிதாகக் கிடைக்கும் 3.7 வோல்ட் லித்தியம் அயனியைப் போட்டால், 3.6இல் சார்ஜை நிறுத்தும் சுற்று அதைப் பாதிகூட நிரப்பாது. புது பேட்டரி போட்டும் எரியவில்லை என்பார்கள். தலைகீழாக, 4.2 வரை ஏற்றும் சுற்றில் 3.2 வோல்ட் பேட்டரியைப் போட்டால் அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி வீங்கும். அளவு ஒன்றாக இருப்பதால் இரண்டும் உள்ளே கச்சிதமாக உட்காரும் என்பதே ஆபத்து.

கூட்டைத் திறந்ததும் ஒயர் நிறங்களைப் போனில் படம் எடுங்கள், அல்லது கரித்துண்டால் பலகையில் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு ஒயரை முதலில் வெட்டி, முனையில் டேப் ஒட்டிய பிறகு சிவப்பு. இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கத்தரியிலேயே பொறி பறக்கும். பழைய பேட்டரி 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் திரும்பச் சார்ஜ் ஏற்ற முயலாதீர்கள். புதியதை நிக்கல் பட்டை பற்றவைத்ததாகவே வாங்குங்கள். பட்டையில் ஒயரை ஒட்டுங்கள், பேட்டரி முகத்தில் சால்டரிங் இரும்பை வைக்காதீர்கள். சூடு உள்ளே போனால் புது பேட்டரி அன்றே பாழ். சிவப்பு முதலில், கறுப்பு கடைசி. ஆடாமல் இருக்க சூட்டுப் பசை இரண்டு சொட்டு. மூடும்போது ரப்பர் வளையம் முறுக்காமல் உட்கார்ந்ததா பாருங்கள். அது போனால் மழைக்காலத்தில் எறும்பு கூடு கட்டும். பழைய பேட்டரியை அடுப்பிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போடாமல், முனைகளில் டேப் ஒட்டி டவுனுக்குப் போகும்போது மின்கழிவு எடுக்கும் கடையில் கொடுங்கள்.

இருபது விளக்கு உள்ள குடியிருப்புக்கு ஒரு பிஸ்கட் டின்னில் வைக்க வேண்டியது: எண் 1 பிளஸ் திருப்புளி, மல்டிமீட்டர், 3.2 வோல்ட் பேட்டரி நான்கு, அழுத்து ஸ்விட்ச் பத்து, சார்ஜ் துளை ஐந்து, 0.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை ஒயர் 20 மீட்டர், டேப், ஈயக் கம்பி, பசைக் குச்சி. மின்சாரம் இல்லாத ஊரில் சால்டரிங்குக்கு கேஸில் சூடாகும் இரும்பு வேண்டும். கிடைக்காவிட்டால் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் இரும்பு, நான்காம் வகை செட் உயிரோடு இருக்கும் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். மூன்று மாதம் கிடப்பில் கிடக்கும் பேட்டரியைப் பாதிச் சார்ஜில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். டின் மூடியின் உட்புறம் எந்த வீட்டு விளக்குக்கு எந்தத் தேதியில் பேட்டரி மாற்றினோம் என்று எழுத ஒரு தாள் ஒட்டுங்கள்.